தோணி ஒழுங்கையால் தோணி போன நாள்

எங்கள் ஊரின் வீதிகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை நட்டவர்கள் தோணி ஒழுங்கையை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தார் காணாத மணல் பாதை அது. கடற்கரையில் தொடங்கி, தென்னந்தோட்டங்களுக்கு நடுவால் வளைந்து வளைந்து போய், மட்டக்களப்பு வாவியின் கரையில் முடிந்துவிடும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு துண்டு நிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் எங்களுடையது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். இவ்வளவு படித்த பிறகும் என் வாயில் அதுதான் வருகிறது.

ஒழுங்கை ஊரைவிடப் பழையது என்று மாமா சொல்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடற்தொழில். கதை சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிப்போவதும் அவருக்குத் தெரியாது. மாரி காலத்தில் கடல் பொங்கித் தொழில் நின்றுபோகும்போது, அந்தக் காலத்து ஆட்கள் தங்கள் தோணிகளைத் தோளில் தூக்கி இந்த வழியால் ஆற்றுக்குக் கொண்டுபோவார்களாம். தை பிறந்து கடல் அடங்கியதும் அதே வழியால் திரும்பக் கொண்டுவருவார்களாம். ஆகவே ஒழுங்கையின் அகலம் என்பது ஒரு தோணியின் அகலமும், அதன் இரண்டு பக்கமும் நடக்கிற ஆட்களின் அகலமும்தான். இரு பக்கத்து வளவுக்காரரும் ஒவ்வொரு வருடமும் வேலி கட்டும்போது ஒரு சாண் ஒழுங்கைக்குள் தள்ளிக் கட்டுவார்கள். மாரியில் தோணி வரும்போது அந்த ஒரு சாண் வேலி முறியும். தோணி முறித்த வேலிக்கு யாரும் நியாயம் கேட்கக்கூடாது என்பது ஊர் ஒழுங்கு. நிலஅளவையாளர் ஒருவரும் கால் வைக்காத ஒழுங்கையை வருடத்துக்கு இரண்டு தடவை தோணியே அளந்துவிட்டுப் போயிருக்கிறது.

நான் பிறந்தபோது அந்த ஒழுங்கைக்குப் பாதி உயிர்தான் இருந்தது. யுத்த காலம். ஆற்றங்கரை முனையில் ஆமிக்காரரின் சென்றி, காவலரண். மணல் மூட்டைகள், முட்கம்பிச் சுருள். ஆற்றுக்குப் போகவேண்டியவர்கள் ஊரைச் சுற்றிப் போனார்கள். தோணிகளைத் தூக்குகிற வழக்கம் நின்றது. கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட தோணிகள் வெயிலில் வெடித்தன.

சுனாமி வந்த காலையில் எனக்கு ஐந்து வயது. அம்மாவின் தோளும், அதற்குப் பின்னால் வந்த இரைச்சலும் மட்டும்தான் எனக்கு ஞாபகம். மற்றதெல்லாம் கேட்டு அறிந்தது. கடற்கரைச் சனம் முழுவதும் தோணி ஒழுங்கையால்தான் ஓடியது. சென்றியில் நின்ற சிப்பாய் ஒருவன் துவக்கைக் கீழே போட்டுவிட்டு, முட்கம்பிச் சுருளை வெறுங்கையால் இழுத்து வழி விட்டானாம். அந்த வழியால் போய் ஆற்றில் நின்ற வள்ளங்களில் ஏறி அக்கரைக்கு, படுவான்கரைப் பக்கம், சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள். சேராதவர்களும் இருந்தார்கள். அம்மாவின் மூத்த சகோதரியான என் பெரியம்மாவுக்கு ஒரே மகள். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா. அவளும் அவர்களில் ஒருத்தி. ‘கடல் கொண்டுபோயிற்று’ என்பதற்கு மேல் எங்களுக்கு, சிறுபிள்ளைகளுக்கு, யாரும் எதுவும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் சென்றியை எடுத்துவிட்டார்கள். ஒழுங்கையின் ஆற்றுப்பக்கம் திறந்தது. சைக்கிள்கள் போயின, மீன்காரர்கள் போனார்கள், பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். இரண்டு மாதம் அப்படிப் போயிருக்கும். ஒருநாள் காலையில் ஒழுங்கையின் நடுப்பகுதி மூடப்பட்டுக் கிடந்தது. மூடியவர் வேறு யாருமில்லை, என்னுடைய பெரியப்பா.

பெரியப்பா சித்தாண்டிக்காரர். வயல் செய்கிற மனிதர். பெரியம்மாவைக் கலியாணம் முடித்து எங்கள் ஊருக்கு வந்தவர். கடல் என்றால் அவருக்குக் கண்ணால் பார்க்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்; கணுக்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லை. ஒழுங்கையின் நடுவில் இரண்டு பக்கமும் அவர்களுடைய தென்னந்தோட்டம், ஒரு பக்கத்தில் வீடு. பழைய கிடுகு வேலியைச் சுனாமி அள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தில் அவர் கொங்கிறீட் தூண் நட்டு, தோட்டத்தின் இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் சேர்த்துக் கடற்கரைப் பக்கமாக ஒரே நேராக முட்கம்பி இழுத்துவிட்டார். நடுவில் கிடந்த ஒழுங்கை தோட்டத்துக்குள் போய்விட்டது.

ஊர் ஏசியது. பேராசை பிடித்தவன் என்றது, வந்தான் வரத்தான் என்றது. பெரியப்பா தன்பாட்டில் தோட்டத்தில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா பெரியம்மாவின் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். அப்பா கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைபேசியில் அவர் அம்மாவுக்குச் சொன்ன ஒரே புத்திமதி, வாயை அடக்கு என்பதுதான். அம்மாவுக்கு அது கேட்கவில்லை. லைன் கிளியர் இல்லை என்றார்.

ஒருநாள் பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். வெளியே யாரோ கத்தினார்கள்.

“கடல் வருகுது! ஒழும்பி ஓடுங்க!”

யார் சொன்னது, எங்கே பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் கிடையாது. அம்மா எச்சில் கையோடு என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். கடற்கரைச் சனம் முழுவதும் மறுபடியும் தோணி ஒழுங்கையில். கம்பி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கால்கள் பழகிய வழியால்தான் போயின. முன்னால் ஓடியவர்கள் கம்பியில் போய் மோத, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் மோதினார்கள். சீலைகள் கிழிந்தன. பிள்ளைகளைத் தூக்கிக் கம்பிக்கு மேலால் அந்தப்பக்கம் எறிந்தார்கள். என்னையும் யாரோ எறிந்தார்கள். மணலில் முகம் குத்த விழுந்தேன்.

அப்போது பெரியப்பா வளவுக்குள்ளிருந்து ஓடிவந்தார். தூணைக் கட்டிப்பிடித்து அசைத்துப் பார்த்தார். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர் அவர். அடியில் சீமெந்து போட்டு நட்டிருந்தார். அது அசையவில்லை. உடனே கீழ்க்கம்பியைக் காலால் மிதித்து, மேல்கம்பியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “குனிஞ்சு வாங்க, குனிஞ்சு வாங்க” என்று கத்தினார். முழங்கை வரை இரத்தம் வழிந்தது. பெரியம்மா வீட்டு வாசலில் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடவுமில்லை, கிட்ட வரவுமில்லை.

கடல் வரவில்லை. யாரோ யாருக்கோ தொலைபேசியில் சொன்ன பொய். பொழுதுபடுவதற்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டோம். ஆனால் கடற்கரைப் பெண்களின் கைகளிலும் கால்களிலும் கிழிந்த காயங்கள் பொய்யில்லையே.

மறுநாள் அம்மன் கோயில் முன்றலில் ஊர் கூடியது. அம்மாவின் முழங்கையில் துணிக்கட்டு. அவர்தான் முதலில் எழுந்தார்.

“மெய்யாகவே கடல் வந்தா நாங்க எதால ஓடுற அத்தான்?”

பெரியப்பாவின் இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தோணி போற ஒழுங்கை எண்டுதானே எல்லாரும் சொல்றீங்க. தோணி எங்க? இப்ப ஆர் தோணி தூக்குற? எல்லாம் பிளாஸ்ரிக் வள்ளம்.”

“அதுக்காக ஒழுங்கையை முழுங்குறதா?” என்று மாமா துள்ளினார்.

“ஒரு தோணி வரட்டும் மச்சான். கடற்கரையில இரிந்து தோளில வரட்டும். வந்தா, நான் கம்பி வெட்டுற குறட்டோட கம்பியடியில நிப்பன். அம்மன் வாசல்ல சொல்றன்.”

என்ன திமிர் என்று நான் நினைத்தேன். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். மாமா மட்டும் கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தோணி ஒன்று இருந்தது. மாமாவின் பழைய மரத்தோணி. சுனாமி அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடற்கரைத் தாழம்புதருக்குள் செருகிவிட்டிருந்தது. ஒரு பக்கப் பலகை பிளந்து, உள்ளே மணல் நிறைந்து, அதில் ஒரு அடம்பன்கொடி பூத்துக்கொண்டிருந்தது. அம்மாவும் கடற்கரைப் பெண்களும் புதரை வெட்டி அதை வெளியே இழுத்தார்கள். மாமா புதுப்பலகை வைத்தார். பெண்கள் இடைவெளிகளில் தேங்காய்த் தும்பை அடித்து இறுக்கித் தார் பூசினார்கள். நான் தார் பூசிய அளவுக்கு என் சட்டையும் பூசிக்கொண்டது. அதற்கு வாங்கிய அடி தனிக் கதை.

தோணி தயாராகியும் தோள்கள் தயாராக இல்லை. மாமா வீடு வீடாகப் போய் ஆண்களைக் கேட்டார். எல்லோரும் நல்ல மாதிரி இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, ஒரே பதிலைச் சொன்னார்கள். இது அக்கா தங்கச்சி வளவுச் சண்டை. இன்றைக்கு அடிபட்டு நாளைக்குக் கூடுவீர்கள். நடுவில் தோள் கொடுத்தவனுக்குத்தான் பகை மிஞ்சும். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

“கம்பியில கிழிபட்டது எங்கட சீலைதானே. நாங்களே தூக்குவம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். சின்னப் பிள்ளைகளைக்கூட வீட்டில் விடாமல் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தோணிக்குக் கீழே கயிறு கொடுத்துக் குறுக்குத் தடிகள் கட்டப்பட்டன. மாமா, ஏலேலோ என்று பழைய ஆட்கள் மாதிரிக் குரல் கொடுக்கப்போக, அவருடைய குரல் உடைந்து சேவல்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டது. பெண்கள் சிரித்த சிரிப்பில் முதல் தடவை தூக்கவே முடியவில்லை. இரண்டாம் தடவை தோணி எழும்பியது. வளைவுகளில் முன்னால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று மாமா என்னைத் தூக்கித் தோணியின் முன்முனையான அணியத்தில் இருத்தினார். பாரம் கூடும் என்று அம்மா ஏசினார். நான் இறங்கவில்லை.

தோளில் போகிற தோணியிலிருந்து உலகத்தைப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். வேலிகளுக்கு மேலால் எல்லோருடைய வளவும் தெரிந்தது. யார் வீட்டில் என்ன காய்கிறது, யார் இன்னும் எழும்பவில்லை என்று எல்லாம் தெரிந்தது. எங்கள் பக்கத்து வளவின் வேலி ஒழுங்கைக்குள் தள்ளியிருந்த இடத்தில் தோணி உரசி, கிடுகு மடமடவென்று முறிந்தது. வேலிக்காரக் கிழவர் வாசலுக்கு வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தோணி தன் வேலியை முறித்த சந்தோசம் அந்த மனிதருக்கு. வழிநெடுக ஆண்கள் வந்து நின்றார்கள். தோள் கொடுக்கமாட்டோம் என்றவர்கள் பின்னாலேயே நடந்து வந்தார்கள்; ஓரமாக, யாரோ போவதைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. பெண்கள் குரவை போட்டார்கள். நான் அணியத்தில் எழும்பி நின்று, “இடப்பக்கம்! வலப்பக்கம்!” என்று கத்தினேன். இரண்டையும் மாறி மாறிப் பிழையாகத்தான் கத்தினேன். யாரும் அதைக் கேட்டு நடக்கவில்லை.

கம்பியடியில் பெரியப்பா நின்றார். வெள்ளை வேட்டி, கையில் குறடு. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று கூட்டம் கத்தியது. ஆனால் அவர் வெட்டவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“வாக்கு வாக்குத்தான் அத்தான்!” என்றார் மாமா.

“கொஞ்சம் பொறுங்க.”

தோணி சுமந்து நிற்கிறவர்களிடம் சொல்கிற வார்த்தையா அது? பெண்களின் கால்கள் மணலில் புதைந்துகொண்டிருந்தன. அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்து நின்றதை மேலேயிருந்து பார்த்தேன். தோணி ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. பெரியம்மா படியிறங்கி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. பெரியப்பாவின் கையிலிருந்து குறட்டை வாங்கினார். கீழ்க்கம்பியை வெட்டினார். நடுக்கம்பியை வெட்டினார். மேல்கம்பி கடினமாக இருந்தது. இரண்டு கைகளாலும் நெரித்து வெட்டினார். இறுக்கி இழுத்திருந்த கம்பி விசுக்கென்று சுருண்டு போய்த் தூணில் அடித்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் தென்னைகளிலிருந்த காகங்கள் எல்லாம் கிளம்பின. பெரியம்மா எங்கள் பக்கம் வந்துவிட்டார், புருசனை எதிர்த்து வந்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் குறட்டைக் கீழே போட்டுவிட்டு, முன்தடியில் நின்ற ஒரு பெண்ணை விலக்கி, அம்மாவுக்குப் பக்கத்தில் தன் தோளைக் கொடுத்தார். மாதக் கணக்காகப் பேசாமல் இருந்த இரண்டு சகோதரிகளின் தலைகளும் எனக்குக் கீழே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு போயின.

தோட்டத்தின் நடுவில், பூவரசு நிற்கிற வளைவில், பெரியம்மா நின்றுவிட்டார். அவர் நின்றதும் தோணி நின்றது. அவ்வளவு பாரத்தையும் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணும் முணுமுணுக்கவில்லை.

“ஏன் நிக்கிறீங்க? போங்க, போங்க!” என்று நான் மேலேயிருந்து கத்தினேன்.

மாமா கிட்ட வந்து என் காலைப் பிடித்தார். “சும்மா இரி மகள்.”

சுனாமித் தண்ணீர் அந்தப் பூவரசடியில்தான் பெரியம்மாவின் கையிலிருந்து அக்காவைப் பறித்தது. அது அங்கே நின்ற பெரிய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். “தூக்குங்க. போவம்,” என்றார்.

அதற்குப் பிறகு தோணி நடக்கவில்லை, ஓடியது. ஓரமாக வந்த ஆண்களில் ஒருவன் ஓடிவந்து தோள் கொடுத்தான். பிறகு இன்னொருவன். கடைசி வளைவில் யார் தூக்குகிறார்கள், யார் சும்மா தொட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று தெரியாத அளவுக்குக் கூட்டம். சென்றி இருந்த இடத்தில் இரண்டு மணல் மூட்டைகள் கிழிந்து கிடந்தன. அவற்றைத் தாண்டியதும் ஆறு. காலை வெயிலில் கண்ணைத் திறக்க முடியாதபடி மினுங்கிக்கொண்டு அகலமாகக் கிடந்தது.

என்னோடு சேர்த்துத் தோணியைத் தண்ணீரில் இறக்கினார்கள். வருடக்கணக்காகக் காய்ந்த மரம். நாலு பக்கத்தாலும் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் நான் இடுப்பளவு தண்ணீரில் இருந்தேன். தாழுது தாழுது என்று அழுதேன். மரம் ஊறினால் சரியாகிவிடும் என்று மாமா கரையில் நின்று சிரித்தார். பெண்கள் சீலையோடு ஆற்றில் விழுந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அள்ளி அடித்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் கழுத்தளவு தண்ணீரில் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்காத பெரியப்பா, வெள்ளை வேட்டியோடு நெஞ்சளவுக்கு வந்து, தாழ்ந்துகொண்டிருந்த தோணியிலிருந்து என்னைத் தூக்கினார். அவருடைய தோளில் இருந்துகொண்டு, ஊர் முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.

“பெரியப்பா, நீங்க தோத்துட்டீங்க!”

“ஓம் மகள். நல்லாத் தோத்துட்டன்,” என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தக் கரையில் அவ்வளவு சந்தோசமாகச் சிரித்த ஆள் வேறு யாருமில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. இந்த மனிதருக்குத் தோற்கவும் தெரியவில்லையே.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் எழுதப்படும். ஆண் கலியாணம் முடித்து மனைவியின் வளவில் வந்து இருப்பான். பத்து வயதில் இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அதைக் கம்பியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்குக் கலியாணம் பேசி, வளவு எழுதுகிற நேரத்தில்தான் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“அத்தானுக்கு அந்த வளவில ஒரு கட்டை நடவும் உரிமை இல்ல புள்ள. சனம் சிரிச்சுப் பேசிப் பூவரசடியால போறத பெரியம்மாவால பார்க்க ஏலாமப் போயிட்டு. அக்கா அடைக்கச் சொன்னா, அவர் அடைச்சார். ஏச்சு முழுக்கத் தானே வாங்கினார். அண்டைக்கு அக்கா வந்து குறட்டை வாங்கக்குள்ளதான் எனக்கே விளங்கின.”

இது எதுவும் தெரியாமல், பெரியப்பாவைத் தோற்கடித்த கதையை நான் பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பெரியம்மா வீட்டு முற்றத்தில், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கதை கம்பியடிக்கு வந்ததும் அவர் குறுக்கிட்டார். பயந்துபோனேன்.

“அதில்ல மகள்,” என்றார் மெல்ல, பெரியம்மா இருந்த குசினிப் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டு. “நான் இன்னும் கொஞ்சம் திமிராத்தான் நிண்டனான். அதையும் சேர்த்துச் சொல்லு.”

அவருக்கே ஞாபகம் இருக்கும்போது நான் ஏன் விடவேண்டும்? அடுத்த தடவையிலிருந்து அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.